பினாங்கில் கீரை பறிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

முதல் நாள் பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சும்மா கையை வீசிக்கொண்டு போங்கள். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எனக்கும் கீரை பறிக்கக் கற்றுக்கொடு" என்று வருகிற நண்பர்கள் எல்லாரும் ஒரு பை, ஒரு கத்தி, படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் ஒரு செயலி, இந்த மூன்றோடுதான் வந்து நிற்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் இருபது பெயர் தெரிந்துகொள்கிறார்கள், அடுத்த வாரம் கேட்டால் ஒன்றுகூட ஞாபகம் இருப்பதில்லை. சமைத்துச் சாப்பிட்ட செடிதான் மனதில் தங்கும். அதனால் ஒரு சமயத்தில் ஒரு செடி. அதை மூன்று தடவை சமைத்து முடித்த பிறகு அடுத்தது. வருஷத்துக்கு ஐந்து செடி கற்றுக்கொண்டால் பெரிய விஷயம்.

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிர்க்கரையில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) திரும்பும்போது தலைத்துண்டை அவிழ்த்தால் உள்ளே ஏதாவது ஒரு கீரை இருக்கும். மழைக்காலமாக இருந்தால் காளான். எங்கே பறித்தாய் என்று நாங்கள் கேட்டதே இல்லை, கேட்டிருக்கலாம். தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறி, துண்டு துண்டாகக் கைமாறி, நாங்கள் தீவுக்கு வந்து பிளாட்டில் குடியேறிய பிறகு இருபது வருஷம் கீரையைக் காசு கொடுத்து வாங்கினேன். வாங்கிய கீரையே எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் வேலி ஓரத்தில் முளைத்துக் கிடந்தது என்பதைக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓர் ஆயாதான் காட்டினார். "தம்பி, நீ மிதிச்சிக்கிட்டு நிக்கிறது ரெண்டு வெள்ளி" என்றார், ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்கிறோம்.

சரி, எங்கே தொடங்குவது?

வீட்டைச் சுற்றி ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிஷ நடை போதும். ஒரு மாதம், வாரத்துக்கு இரண்டு முறை, அதே வழி. எதையும் பறிக்க வேண்டாம். ஒரு செடியைக் குறி வைத்துக்கொண்டு அது துளிர் விடுவது, பூப்பது, காய்ப்பது என்று ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து வையுங்கள். ஏன் இவ்வளவு பொறுமை என்றால், துளிர் நிலையில் பத்துச் செடி ஒரே மாதிரி இருக்கும், பூ வந்தால்தான் யார் யார் என்று தெரியும். செயலியைப் பயன்படுத்தலாம், தப்பில்லை, ஆனால் அது சொல்வதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிலை மனிதர்களிடம் வாங்குங்கள்.

அந்த மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்? காலை மார்க்கெட்டில். ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாலிக் புலாவ், எந்த மார்க்கெட்டாக இருந்தாலும் சரி, பெரிய காய்கறிக் கடைகளைத் தாண்டி ஓரமாகப் போனால் ஒரு மாக்சிக், அதாவது மலாய் அத்தை, தரையில் பிளாஸ்டிக் விரித்துச் சின்னச் சின்னக் கட்டுகளாக ஊலாம் (சோற்றோடு தின்னும் இலைதழை) விற்றுக்கொண்டிருப்பார். வாரத்துக்கொரு முறை கூடும் பாசார் தானியிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அது அரசின் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா 1985-இல் தொடங்கிய உழவர் சந்தை, விளைவித்தவரே விற்பது. அங்கே இரண்டு கேள்வி போதும்: "இனி டாவுன் ஆப்பா, மாக்சிக்?" (இது என்ன இலை?), "மாச்சாம் மானா மாசாக்?" (எப்படிச் சமைப்பது?). ஒரு கட்டு வாங்கிவிட்டுக் கேளுங்கள், சும்மா கேட்டுவிட்டு நகராதீர்கள். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியில் நிச்சயமாக உண்ணத்தக்க ஒரு மாதிரி உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முகர்ந்து, கசக்கி, தண்டை ஒடித்து, இலையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அதற்கப்புறம் வேலி ஓரத்தில் அதையே தேடுங்கள். மார்க்கெட்டில் பார்க்காத எதையும் முதல் வருஷம் பறிப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

பாதிதான். விற்கிறார்கள் என்பதாலேயே எல்லாவற்றையும் அள்ளித் தின்ன முடியாது. பெத்தாய் என்ற நாற்றமடிக்கும் பச்சைக் கொட்டை பரவாயில்லை, அதற்குப் பக்கத்தில் வட்ட வட்டமாக இருக்கும் ஜெரிங் கொட்டையை ஆசைக்கு நிறையத் தின்றால் சிறுநீர் அடைத்து, சிறுநீரகம் வரைக்கும் பாதித்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரும். சேக்கூர் மானிஸ் என்று ஒரு கீரை, தமிழில் தவசிக்கீரை, முட்டை போட்டு வதக்கினால் அருமையாக இருக்கும், மலேசியாவில் தினம் சாப்பிடுகிறார்கள். அதையே 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்கப் பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடித்தவர்களுக்கு நுரையீரல் மீள முடியாத அளவுக்குக் கெட்டுப்போனது. கீரை ஒன்றுதான், சமைத்த விதமும் அளவும் வேறு. மாக்சிக் எப்படிச் சமைக்கச் சொல்கிறாரோ அப்படியே சமையுங்கள், புது யோசனையெல்லாம் பிறகு.

முதல் செடியாக நான் எல்லாருக்கும் சொல்வது முள்ளுக்கீரை. மலாயில் பாயாம் டூரி. தண்டும் இலையும் சாதாரணத் தண்டுக்கீரை மாதிரியே இருக்கும், ஆனால் இலை தண்டில் சேருகிற ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கூரிய முள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்தான் அதன் அடையாள அட்டை. மண்ணைக் கிளறிப் போட்ட இடத்தில், காலி மனையில், மழைக்குப் பிறகு பத்து நாளில் வந்துவிடும். பூக்கதிர் வருவதற்கு முன்னால், நுனியிலிருந்து நான்கைந்து இலை வரைக்கும் நகத்தால் கிள்ளுங்கள். நகம் இறங்கினால் இளசு, இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள். கீழே பழைய கணுக்களில் கை வைத்தீர்களானால் முள் சதைக்குள் ஒடிந்து இரண்டு நாள் விண்ணென்று வலிக்கும், நான் இப்போதும் ஒரு கையில் தடித்த கையுறை மாட்டிக்கொண்டுதான் போகிறேன். பினாங்கில் தைப்பூச சமயத்து வெயிலில் இது கட்டையாகிவிடும், செப்டம்பர் அக்டோபர் மழையில் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

இரண்டாவது, முருங்கை. இது காட்டுச் செடி இல்லை, யாரோ நட்டதுதான், ஆகவே கேட்டுவிட்டுப் பறிக்க வேண்டும். தமிழர் வீட்டு வேலியில் முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்தால் பெரும்பாலும் "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்கள், ஆனால் கேட்காமல் ஒரு கிளையை ஒடித்தால் அந்தத் தெருவில் உங்கள் பெயர் கெட்டுவிடும். உருவுவதுதான் பெரிய வேலை என்று பலர் முருங்கையை விட்டுவிடுகிறார்கள். ராத்திரி கிளைகளைப் பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி வையுங்கள், காலையில் உதறினால் பாதிக்கு மேல் இலை தானாக உதிர்ந்திருக்கும்.

வல்லாரைக்கு ஒரே ஒரு சோதனை. இலை சிறுநீரக வடிவம், ஓரம் பல் பல்லாக, தண்டு அந்தப் பிளவில் போய்ச் சேர வேண்டும். குடைக்குக் கம்பு பிடித்த மாதிரி தண்டு வட்ட இலையின் நடு முதுகில் ஒட்டியிருந்தால் அது வேறு செடி. வல்லாரை ஈரத் தரையில் படருகிறது, நத்தையும் அட்டையும் ஊர்கிற இடமும் அதுவே. நத்தை வழியாக எலிகளின் நுரையீரல் புழு மனிதனுக்கு வந்தால் மூளையைத் தாக்கும். அதனால் என் வீட்டு விதி: வெளியில் பறித்த வல்லாரையை வேகவைக்காமல் சாப்பிடுவதில்லை, பச்சையாகத் தேங்காய்த் துருவலும் சின்ன வெங்காயமும் எலுமிச்சையும் போட்டுச் சம்பல் செய்ய வேண்டுமென்றால் சொந்தத் தொட்டியில் வளர்ந்ததுதான்.

காடோக் இலையை நம்மவர்கள் நிறையப் பேர் வெற்றிலை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். உறவுதான், ஆனால் வெற்றிலை கொடியாக ஏறும், காடோக் மர நிழலில் தரையோடு பரவி, இலை மெல்லிசாக, மினுமினுப்பாக, கொஞ்சம் சுருக்கம் விழுந்து, நடுவில் சின்ன வெள்ளைத் திரிகளை நட்டு வைத்தது போல் கதிர் விட்டிருக்கும். பினாங்கு ஞோஞா (மலாய்ப் பழக்கம் கலந்த சீனர்) சமையலில், ஓத்தாக் ஓத்தாக் என்ற மசாலா மீன் பலகாரத்தின் அடியிலும் பெருட் ஈக்கான் என்ற மீன் குடல் குழம்பிலும் இது இல்லாமல் கதை நடக்காது. நான் செய்வது சுலபம்: வெற்றிலைச் சுருள் மாதிரி சுருட்டி மயிரிழையாக நறுக்கி, ஆறிய சோற்றில் வறுத்து இடித்த தேங்காய், பொரித்த நெத்திலி, வெங்காயத்தோடு பிசைவது. கொஞ்சம் மிளகு வாடை வரும்.

பூச்சுக் பாக்கு, அதாவது சுருண்ட பெரணித் துளிர், இதை மட்டும் நீங்களாகப் போய்த் தேடாதீர்கள். பெரணி என்றால் எல்லாமே தின்னலாம் என்று அர்த்தமில்லை, புற்றுநோய் உண்டாக்கும் பெரணிகளும் இருக்கின்றன. ஒரு வருஷம் மார்க்கெட்டில் வாங்கியே சமையுங்கள், பிளாச்சானும் (இறால் விழுது) நெத்திலியும் போட்டு ஒரு பெரட்டல், அல்லது தேங்காய்ப்பாலில். இரண்டு விரலால் வளைத்தால் டப்பென்று ஒடிகிற இடம் வரைக்கும்தான் இளசு. நன்றாக வேகட்டும்.

இனி, வேண்டாதவை. இதைப் படிக்காமல் கடக்காதீர்கள்.

காளான் வேண்டாம். ஆயா தோட்டத்தில் பறித்தது புற்றில் முளைக்கிற காளான், அவருக்குப் புற்றும் தெரியும் காளானின் வேரும் தெரியும். பிளாட் திடலில் மழை விட்ட மறுநாள் பெரிய வெள்ளைக் குடையாக முளைக்கிறதே, அதில் ஒரு ஜாதிக்கு அடி மடிப்பு வயதானால் பச்சையாகும், இளசில் மற்றக் காளானைப் போல வெள்ளையாகவே இருக்கும். தின்றால் வாந்தியும் பேதியும் நிற்காது.

சேம்பு வேண்டாம். இதில் எனக்கே அனுபவம். கால்வாய் ஓரத்தில் தளதளவென்று நின்ற தண்டை ஊரில் தின்ற சேப்பந்தண்டு என்று நம்பி, புளி போட்டால் சரியாகிவிடும் என்று அவசரமாகச் சமைத்து இரண்டு வாய் வைத்தேன். தொண்டையில் ஊசி டப்பாவைக் கொட்டிய மாதிரி. உண்மையில் ஊசிதான், அந்தச் செடிகளுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. ராத்திரி முழுக்க உதடு வீங்கி, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், அதுதான் அதைவிட வலித்தது.

மரவள்ளி இலை வேறு விஷயம். உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிழங்கையும் இலையையும் தின்றே உயிர் தப்பினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பொய்யில்லை, ஆனால் அவர்கள் பச்சையாகத் தின்னவில்லை. அதில் சயனைடு இருக்கிறது. இளந்துளிரை மட்டும் எடுத்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். மணத்தக்காளியும் இப்படித்தான், இலையை வேகவைத்தும் நன்கு கறுத்த பழத்தை அப்படியேயும் சாப்பிடலாம், பச்சைக் காயைப் பிள்ளைகள் வாயில் போட விடாதீர்கள்.

தப்பித் தவறி ஏதாவது ஆகிவிட்டால் மோரும் எலுமிச்சையும் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சமிருக்கும் செடியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தேசிய நச்சு மையம் நம் கெலுகோரில்தான், யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்துக்குள் இருக்கிறது. என்ன செடி என்று மருத்துவர் கேட்டறிய அவர்கள் இருக்கிறார்கள், ஆனால் செடி கையில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

செடி சரியாக இருந்தாலும் இடம் தப்பாக இருக்கலாம். பெரிய சாலை ஓரம் வேண்டாம். கால்வாய்க்குள் வளரும் கங்குங் கீரை வேண்டவே வேண்டாம், எலி மூத்திரக் காய்ச்சல் வருவது அப்படிப்பட்ட தண்ணீரில்தான். செம்பனைத் தோட்டத்து வரிசைகளுக்குள் என்ன அழகாக வளர்ந்திருந்தாலும் தொடாதீர்கள், களைக்கொல்லி அடிக்கிற இடம் அது. பாராகுவாட்டை 2020 சனவரியில் தடை செய்துவிட்டார்கள்தான், மற்ற மருந்துகள் இருக்கின்றனவே. எங்கள் உறவுக்காரப் பெண்களில் பலர் முதுகில் தோம்பு கட்டிக்கொண்டு மருந்து அடித்தவர்கள், அவர்களைக் கேட்டால் அந்த ஓரத்துக் கீரையை மாட்டுக்குக்கூடப் போட மாட்டேன் என்பார்கள். ஒரு பட்டையாகப் புல் காய்ந்திருந்தால், நுனி முறுக்கிக்கொண்டிருந்தால், மருந்து பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

காட்டுக்குள்ளும் போகாதீர்கள். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வனக் காப்பகத்தில் உரிமம் இல்லாமல் எதை எடுத்தாலும் குற்றம். தெலுக் பாஹாங் தேசியப் பூங்காவும் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவும் பார்க்க, படிக்க. தாவரவியல் பூங்காவில் பை வைத்திருந்தால் நீங்கள் எதையும் பறிப்பதற்கு முன்னால் குரங்கு உங்களிடமிருந்து பறித்துவிடும்.

பழம் என்றால் பாலிக் புலாவ். அங்கே பறிக்கப் போவதில்லை, வாங்கத்தான் போகிறோம், ஆனால் மரத்துக்குப் பக்கத்திலேயே வாங்குகிறோம். டுரியான் சீசன் ஜூன், ஜூலை. பினாங்குத் தோட்டங்களில் டுரியானைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழ வேண்டும், மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். ராத்திரி விழுந்ததைக் காலையில் தின்றால்தான் அந்தக் கசப்பும் இனிப்பும் சேர்ந்து நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும். மூசாங் கிங் என்ற ரகம் எங்கேயும் கிடைக்கும், இங்கே வந்தால் ஆங் ஹே ரகத்தைக் கேளுங்கள். ரோட்டோரத்தில் விழுந்து கிடக்கிறது என்று ஒரு பழத்தைத் தூக்கி வண்டியில் போடாதீர்கள், அதற்கும் சொந்தக்காரர் இருக்கிறார், பார்த்துக்கொண்டும் இருப்பார்.

அதே பயணத்தில் ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்டது, பாலிக் புலாவில் இன்னும் காய்க்கிறது. நமக்குக் கொட்டையும் பத்திரியும்தான் தெரியும், இங்கே வெளிச்சதையைத்தான் ஜூஸ் போடுகிறார்கள், ஊறுகாய் போடுகிறார்கள். அப்புறம் ஆசாம் கெலுகோர். மஞ்சளாக, வரி வரியாகப் பிளந்த குட்டிப் பூசணி மாதிரிக் காய், அதைச் சீவி வெயிலில் காயவைத்ததுதான் கடையில் விற்கும் ஆசாம் கெப்பிங். பாக்கெட்டில் புளி என்று போட்டிருந்தாலும் புளிய மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீன் குழம்பில் இரண்டு துண்டு போட்டால் குழம்பு கலங்காமல் புளிக்கும். கெலுகோர், ஜெலுத்தோங் எல்லாம் மரத்தின் பெயர்கள், பினாங்கு என்பதே பாக்கு. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் கட்டுக்கட்டாகக் கீரையைக் கேமரன் மலையிலிருந்து வரவழைத்துத் தின்கிறோம்.

யார் வீட்டிலாவது பெலிம்பிங் பூலோ என்ற புளிப்புக் காய் காய்த்திருந்தால் ஒரு கை கேட்டு வாங்குங்கள், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும், வீட்டுக்காரர்களே அதைத் தின்று தீர்க்க முடியாமல் தவிப்பார்கள். நெத்திலிக் கருவாட்டோடு போட்டால் சொர்க்கம். ஆனால் அதையும் நட்சத்திரப் பழத்தையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

வளர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம். பிளாட் நடைபாதை போதும். பழக்கடைக்காரர் தூக்கிப் போடும் வெள்ளை நுரைப் பெட்டியை வாங்கி அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்புங்கள். மார்க்கெட்டில் வாங்கிய கங்குங்கின் இலையைச் சமைத்துவிட்டு, வேரோடு ஒரு சாண் தண்டை நட்டால் மறுபடி துளிர்க்கும். சேக்கூர் மானிஸ் குச்சியை நட்டால் வந்துவிடும், காடோக் ஒரு கணு போதும், வல்லாரை கேட்காமலே பரவும். அடியில் தட்டு வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரி 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் எழுதிவிடுவார், பக்கத்து வீட்டுக்காரரும் பேச மாட்டார்.

முதல் தடவை பறித்த முள்ளுக்கீரையை எப்படிச் சமைப்பது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கைப்பிடி நுனிகள் போதும். ஒவ்வொன்றாக எடுத்து முள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் அந்தக் கணுவை வெட்டி எறியுங்கள். மூன்று தண்ணீரில் அலசுங்கள், மண் அடியில் தங்கட்டும், கீரையை மேலாக அள்ளுங்கள். கால் கப் பாசிப்பருப்பைப் பூண்டு நாலு பல், ஒரு சிட்டிகை மஞ்சளோடு குழைய வேகவிட்டு, கீரையையும் கீறிய பச்சை மிளகாயையும் போட்டு மூடாமல் ஐந்தாறு நிமிஷம். மூடினால் நிறம் செத்துவிடும். உப்பு கடைசியில். மத்தால் நாலு சுற்றுக் கடையுங்கள், குழைத்துக் கூழாக்க வேண்டாம். நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். முதல் தடவை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், எந்தப் புதுக் கீரைக்கும் இதுதான். மதியத்துக்குச் சமையுங்கள், எங்கள் ஆயா ராத்திரியில் கீரையை அடுப்பில் ஏற்றவே விட மாட்டார். சுடுசோறு, பக்கத்தில் பொரித்த நெத்திலி. மோர் மிளகாய் இருந்தால் அதையும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்.